பனிக்கடலை வரைந்த ஓவியர்!
கப்பல் போயிற்று, தூரிகை நின்றது

நாலாபுறமும் பனிக்கட்டி. நடுவே ஒரு சிறிய கப்பல். முன்னே போக வழியில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை.

இனியும் கப்பலில் இருந்தால் உயிர் தப்பாது என்ற நிலை வந்தது. அதில் இருந்தவர்கள் கப்பலைக் கைவிட்டு, பனிக்கட்டிகளின் மீது இறங்கினார்கள்.

இது நடந்தது 1900-ம் ஆண்டில், ரஷ்யாவின் வடக்கே உள்ள காரா கடலில். அந்தக் கூட்டத்தின் தலைவர் மாலுமி அல்ல; ஓவியர்! அவர் பெயர் அலெக்சாந்தர் போரிசோவ்.

வேண்டுதல்

போரிசோவ் 1866-ல் வட ரஷ்யாவில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். சிறு வயதில் அவர்மீது மரக்கட்டை விழுந்தது. நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிழைத்து எழுந்தால், சொலவெத்ஸ்கி மடத்துக்குப் போய் வேலை செய்வது என்று வேண்டுதல்.

சிறுவன் எழுந்தான். 15 வயதில், வெள்ளைக் கடல் தீவில் இருக்கும் அந்த மடத்துக்குப் போனான். தெய்வப் படங்கள் எழுதும் கூடம் அங்கே இருந்தது. அங்கேதான் அவன் தூரிகை பிடித்தான்.

பிறகு தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓவியக் கழகத்தில் சேர்ந்தார். காடுகளை வரைவதில் பேர்போன ஷிஷ்கினும், ஒளியை வரைவதில் வல்லவரான குயின்ஜியும் அவருடைய ஆசிரியர்கள்.

ஆனால், அவர் மனமெல்லாம் வடக்கே இருந்தது. 1896-ல் நோவாயா ஜெம்லியா என்ற பனித் தீவுக்குப் போய் வரைந்து வந்தார். அந்தப் படங்களைக் கண்ட மாஸ்கோ வணிகர் திரெத்தியாக்கோவ், பலவற்றை வாங்கிக்கொண்டார்.

"கனவு"

மீண்டும் அந்தத் தீவுக்குப் போகவே அவர் கப்பல் கட்டினார். அதற்கு "கனவு" என்று பெயர். அந்தக் கப்பலைத்தான் பனி பிடித்துக்கொண்டது.

பனிக்கட்டிகள் அவர்களைச் சுமந்தபடியே கடலில் மிதந்தன. பல நாள் போராடிக் கரை சேர்ந்தார்கள். அங்கே வாழும் நெனெத்ஸ் வேட்டைக்காரர்கள் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் வீட்டுக்குத் திரும்பவே துடித்திருப்பார். போரிசோவ் என்ன செய்தார் தெரியுமா? தீவிலேயே குளிர்காலத்தைக் கழித்தார். 1901-ல் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் ஏறி, படம் வரையப் புறப்பட்டார்!

கடுங்குளிரில் வர்ணம் கெட்டியாகிவிடும். தூரிகையின் மயிர் ஒடிந்துவிடும். மரத்துப்போன கையால் தூரிகையை இறுகப் பற்றிக்கொண்டு வரைந்தார். அங்கே கண்ட முனைகளுக்கும் பனியாறுகளுக்கும் தம் ஆசிரியர்கள் முதலிய ஓவியர்களின் பெயரைச் சூட்டினார்.

இன்றும் இருக்கிறது

அவர் படங்கள் வியன்னா, பாரிஸ், லண்டன் முதலிய நகரங்களில் காட்சிக்கு வந்தன. புகழ் கிடைத்தும் அவர் பெருநகரில் தங்கவில்லை. பிறந்த ஊர்ப்பக்கமே போய், கிராஸ்னோபோர்ஸ்க் அருகே மரவீடு கட்டிக்கொண்டார். 1934-ல் காலமானார். அந்த வீடு இன்று காட்சிசாலை.

நோவாயா ஜெம்லியாவின் பனியாறுகள் இப்போது உருகிச் சுருங்கி வருகின்றன. அன்று அவை எப்படி இருந்தன என்பதற்கு, கை விறைக்க விறைக்க அவர் எழுதிய படங்கள் சாட்சி சொல்லுகின்றன.