எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர்

ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் நம்மில் சிலர் ஓய்வு நாளில் டீசல் படகில் மீன் பிடிக்கப் போகிறோம். கழிமுகத்தருகே, நீர் வற்றும் நேரத்தில் இயந்திரம் திக்கித் திக்கி நின்றுவிட்டால், படகு கடலை நோக்கித்தான் இழுபடும். பிள்ளைகளும் கூட இருந்தால்? பல வேளைகளில் இதற்குக் காரணம், தொட்டிக்குள் சேர்ந்த தண்ணீர்.

மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீர் இறங்கும். மூடி நன்றாக இருந்தாலும், பாதி காலியான தொட்டியிலுள்ள ஈரக் காற்று இரவில் குளிர்ந்து, உட்சுவரில் வியர்க்கும். ஆகவே படகைக் கட்டுமுன் தொட்டியை நிரப்பிவிடுவது நல்லது. சம்பள நாளுக்கு முன் அது எளிதல்லதான்!

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டீசலோ ஏறக்குறைய 840 கிராம். ஆகவே தண்ணீர் அடியில் தங்குகிறது. இயந்திரம் உறிஞ்சும் குழாயின் வாயும் அடிப்பக்கத்தில்தான். படகு ஓரிரவு அசையாமல் கிடந்தபின், தொட்டியின் அடித்திருகைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். இரண்டாகப் பிரிந்தால் கீழே நிற்பது தண்ணீர். டீசல் மட்டும் வரும்வரை வடியுங்கள். அருகில் சுருட்டு, பீடி கூடாது. வடித்ததை ஆற்றில் ஊற்றாதீர்கள். நாம் பிடிக்கும் மீன் அங்கேதான் வளர்கிறது.

இன்னொன்று. மலேசியாவில் 2019-இல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய்ச் சரக்கைக் கலக்கும் திட்டம் தொடங்கியது. நம் தோட்டத்துக் குலைதான்! ஆனால் அது ஈரத்தை அதிகம் ஈர்க்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, வழவழப்பான கசடு உண்டாகி வடிகட்டியை அடைக்கும். கசடு கண்டால் தண்ணீரை வடிப்பது மட்டும் போதாது. தொட்டியைக் கழுவி, வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.