ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி... டைம்டேபிள் மோதினா என்ன ஆகும்? அட்மிஷனுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரி அட்மிஷனும் தொடங்கிவிட்டால் அச்சன்புதூர் மாதிரியான ஊர்களில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும்: “தென்காசியிலயோ குற்றாலத்துலயோ ரெகுலர் டிகிரி சேர்றோம். கூடவே இன்னொரு டிகிரியும் படிச்சா என்ன?”

படிக்கலாம். யுஜிசியே அனுமதி கொடுத்திருக்கிறது. ஆனால், அந்த அனுமதிக்குள் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது: வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

யுஜிசி என்ன சொல்கிறது?

2022 ஏப்ரல் 13-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்படி மூன்று வழிகள் இருக்கின்றன.

* ரெண்டுமே நேரடி வகுப்பு. ஒன்றின் வகுப்பு நேரம் இன்னொன்றோடு மோதக் கூடாது.
* ஒன்று நேரடி வகுப்பு, இன்னொன்று தொலைநிலை அல்லது ஆன்லைன்.
* ரெண்டுமே தொலைநிலை அல்லது ஆன்லைன்.

தொலைநிலை, ஆன்லைன் படிப்பை நடத்தும் நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் இருக்க வேண்டும். பிஎச்.டி.க்கு இந்தச் சலுகை கிடையாது. இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். அதனால், ‘யுஜிசி ஓகே சொல்லிடுச்சு’ என்பதை மட்டும் நம்பி ஃபீஸ் கட்டிவிட வேண்டாம்.

ரெண்டு ரெகுலர்... ஏன் கஷ்டம்?

உதாரணத்துக்கு, அச்சன்புதூரில் இருந்து தினமும் தென்காசிப் பக்கம் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மதியத்துக்கு மேல் நெல்லையில் இன்னொரு ரெகுலர் கோர்ஸ் சேர நினைக்கிறார். ஒன்று மதியம் ஒன்றரைக்கு முடிகிறது, இன்னொன்று இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. பேப்பரில் பார்த்தால் மோதல் இல்லை. ஆனால், தென்காசியிலிருந்து நெல்லைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். முதல் வகுப்பு தினமும் போய்விடும். டைம்டேபிளில் பயண நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல், ‘டே ஆர்டர்’. நம்ம ஊர் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் டைம்டேபிள் திங்கள், செவ்வாய் என்று ஓடாது. முதல் நாள் தொடங்கி ஆறாம் நாள் வரை சுழலும். நடுவில் ஒரு உள்ளூர் விடுமுறை வந்தால் வரிசை ஒரு நாள் தள்ளிப்போகும். இன்னொரு நிறுவனம் கிழமைப்படி வகுப்பு நடத்தினால், இந்த வாரம் மோதாத வகுப்பு அடுத்த வாரம் மோதும்.

மூன்றாவது, டிசி. ரெகுலர் அட்மிஷனில் ஒரிஜினல் டிசியைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். உங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு ஒரிஜினல். இன்னொரு கல்லூரியும் அதையே கேட்டால் என்ன செய்வது என்பதை ரெண்டு அலுவலகங்களிலும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

ஒரு மணி நேரம்தானே... போனா என்ன?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரம் 5 மணி நேரம், செமஸ்டருக்கு 18 வாரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 90 மணி நேரம். அதில் அதிகபட்சம் 22 மணி நேரம்தான் விட முடியும்.

மோதலால் வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்பு போகிறது என்றாலே 18 மணி நேரம் காலி. மீதி இருப்பது 4 மணி நேரம். காய்ச்சல், அக்கா கல்யாணம், சாரல் சீசனில் பஸ்ஸைத் தவறவிடுவது எல்லாம் அந்த நாலுக்குள் அடங்க வேண்டும். பாடவாரியாக வருகையைக் கணக்கிடும் கல்லூரியில் இது நேராகத் தேர்வு எழுதும் தகுதியிலேயே கை வைக்கும்.

அப்போ எது சரிவரும்?

தென்காசி மாவட்டத்தின் கிராமத்து மாணவர்களுக்கு நடைமுறையில் ஒத்துவருவது ஒரு ரெகுலர், ஒரு தொலைநிலை என்ற இரண்டாவது வழிதான். ஆனால், அங்கேயும் மோதல் உண்டு. அது வகுப்பில் இல்லை, தேர்வுத் தேதியில்.

இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூன், டிசம்பரில் வரும். ரெகுலர் கல்லூரி செமஸ்டர் தேர்வு நவம்பரில் தொடங்கி டிசம்பருக்கு நீண்டால் ரெண்டும் உரசும். இதில் ஒரு ஆறுதல்: இக்னோவில் எல்லாப் பேப்பரையும் ஒரே பருவத்தில் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. மூன்று வருட இளநிலைப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. மோதும் பேப்பரை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம். ரெகுலர் பேப்பரை விட்டால் அது அரியர். எனவே எதை விடுவது என்பதில் குழப்பமே வேண்டாம்.

சட்டம் படிப்பவர்கள் கவனம்!

இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், சட்டப் படிப்போடு இன்னொரு ரெகுலர் பட்டப் படிப்பில் சேர்வதைத் தடுக்கின்றன. தொலைநிலைப் படிப்புக்கும், மொழி, கணினி போன்ற குறுகிய காலப் பகுதிநேரச் சான்றிதழ் படிப்புகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

2022-க்கு முன்பே ரெண்டு டிகிரி முடித்தவர்களுக்கு?

வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் இது பலருக்குத் தலைவலியாக இருந்தது. 2025 ஜூனில் யுஜிசி இதைத் தெளிவுபடுத்தியது. அந்தந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த விதிகளுக்கு உட்பட்டுப் படித்திருந்தால் அந்தப் பட்டங்கள் செல்லும்.

ஃபீஸ் கட்டும் முன் செக் பண்ண வேண்டியவை

1. ரெண்டு டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பயண நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கல்லூரி ஓடுவது டே ஆர்டரிலா, கிழமையிலா?
2. போன வருடத் தேர்வு அட்டவணைகளை வாங்கி ஒப்பிடுங்கள். லேப் தேர்வுகளை மறக்காதீர்கள்.
3. ரெகுலர் கல்லூரி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள்.
4. தொலைநிலைப் படிப்பின் பெயர், அது நடக்கும் கல்வி ஆண்டு ரெண்டும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது டெப் ஐடியும் கட்டாயம்.
5. தொடர்பு வகுப்பு எந்த நாளில், எந்த ஊரில்? சனிக்கிழமை உங்கள் கல்லூரி இயங்குமா?

இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூடத் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றால், ரெண்டாவது டிகிரியை ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. முதல் செமஸ்டரை முடித்துவிட்டால் உங்கள் கல்லூரியின் நேரமும், உங்கள் ஊர் பஸ்ஸின் நேரமும் பிடிபட்டுவிடும். முடிவை அப்போது எடுக்கலாம்.