புயலின் கூரைக்கு மேலே

2024 டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த பாறையும் மண்ணும் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். முந்தைய இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையின் விளைவு அது.

அந்தப் புயல் எல்லாரையும் குழப்பியது. நவம்பர் 28 அன்று, புயலாகாமலே கரையைக் கடக்கும் என்றது வானிலை ஆய்வு மையம். மறுநாள் பிற்பகலே அது புயலாகிவிட்டது. கடல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தடை இருந்த இடம் மேலே.

திருவண்ணாமலையின் அந்த அண்ணாமலையார் மலையின் உயரம் 2,668 அடி. அதைப்போல் பதினைந்து மடங்கு, அதாவது சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில்தான் புயலின் கூரை. கடலில் எழும் நீராவி மேகமாகும்போது வெப்பத்தை விடும். சூடான காற்று மேலேறும். ஏறிய காற்று கூரையில் நாலாபக்கமும் பரவி வெளியேற வேண்டும். புகைபோக்கி அடைத்த அடுப்பு எரியுமா? வெளியேற்றம் நன்றாக இருந்தால் கடல்மட்டத்தில் அழுத்தம் சரசரவென இறங்கும், சுழற்சி இறுகும்.

இங்குதான் மேல்காற்றின் வளைவுகள் வேலை செய்கின்றன. வடமேற்கிலிருந்து வரும் ஒரு தாழ்வு வளைவின் கிழக்குப் பக்கத்தில் காற்று விரிந்து ஓடும். புயலின் உச்சி சரியான தொலைவில் அங்கு அமைந்தால், ஏறிய காற்றை அது இழுத்துக்கொண்டு போகும். 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் கூடினால் அதை அதிவேகத் தீவிரமடைதல் என்பார்கள். ஆனால் அதே வளைவு மிக அருகில் வந்தால் கெடுதல். கீழே ஒரு திசை, மேலே வேறு திசை என்று காற்று முறியும். புயலின் தலை ஒருபுறம், உடல் ஒருபுறமாகச் சாயும். வறண்ட காற்றும் உள்ளே நுழையும். ஃபெஞ்சலை நாள்கணக்கில் தடுத்தது இந்த முறிவே. அது தளர்ந்ததும் புயல் நிமிர்ந்தது. பிறகு அதை நகர்த்தும் காற்றும் வலுவிழக்க, புதுச்சேரி அருகே அசையாமல் நின்று மழையைக் கொட்டித் தீர்த்தது.

ஒக்கிப் புயல் வேறு கதை. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் குமரிக்கடலில் புயல். ஏற்கெனவே கடலுக்குள் போயிருந்த மீனவர்களுக்கு அந்த ஒரு நாள் போதவில்லை.

மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் நாள்தோறும் கருவி கட்டிய பலூன்கள் மேலேறி மேல்காற்றை அளக்கின்றன. நடுக்கடலுக்கு மேலே அந்த வசதி இல்லை. அங்கே செயற்கைக்கோள் படத்தில் மேகம் நகர்வதை வைத்துக் கணிக்கிறோம். அமெரிக்கர்கள் புயலுக்குள்ளேயே விமானம் ஓட்டி அளவுக்கருவிகளைப் போடுகிறார்கள். வங்கக்கடலுக்கும் அது வந்தாக வேண்டும்.