மஞ்சள் சட்டைக்குள் வேறொருவர்

காகிதத்தில் எழுதிப் பார்த்தால் தோற்கவே வாய்ப்பில்லாத கூட்டணி அது. ‘ரிங்கோ’ படங்களால் இத்தாலியையே விசிலடிக்க வைத்த ஜூலியானோ ஜெம்மா கதாநாயகன். அதே ரிங்கோவை எடுத்த தூச்சோ தெஸ்ஸாரி இயக்குநர். கதையோ, மாதம் தவறாமல் லட்சக்கணக்கானோர் வாங்கிப் படித்துவந்த காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லருடையது. 1985-ல் ‘டெக்ஸ் அண்ட் தி லார்ட் ஆஃப் தி டீப்’ திரைக்கு வந்தது. வந்த சுவடே தெரியாமல் போனது. இதை வெள்ளோட்டமாக விட்டு, பின்னால் தொலைக்காட்சித் தொடராக வளர்க்கும் திட்டம் இருந்தது. அதுவும் கைவிடப்பட்டது. ஆனால் படத்தைப் பற்றிய வழக்கு மட்டும் நாற்பது ஆண்டுகளாக முடியவில்லை.

டெக்ஸைத் தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் புண்ணியத்தில், அவர் இங்கே ‘இரவுக் கழுகார்’. நண்பர் கிட் கார்சன் ‘வெள்ளிமுடியார்’. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: 1948 செப்டம்பரில் எழுத்தாளர் ஜான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் அவுரேலியோ காலெப்பினியும் படைத்த டெக்சாஸ் ரேஞ்சர். நவஹோ பழங்குடியினரின் தலைவரும் அவரே. அயோக்கியன் வெள்ளையனா, செவ்விந்தியனா, பட்டாளத்துக் கர்னலா என்று பார்க்கமாட்டார். முகரையில் ஒரே மாதிரிதான் குத்து விழும்.

படத்துக்கு எடுத்துக்கொண்ட கதை, 1960-களின் கடைசியில் பொனெல்லி எழுதி குலியெல்மோ லெத்தேரி வரைந்தது. ராணுவத் துப்பாக்கிகள் களவுபோகின்றன. தேடிக்கொண்டு டெக்ஸும் கார்சனும் இன்னொரு தோழர் டைகர் ஜாக்கும் புறப்படுகிறார்கள். வழியில் ஒரு மர்மம். பச்சைநிறக் கல் ஒன்றின் நஞ்சு பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து சுருங்கி மம்மியாகிறார்கள். எகிப்திய அறிஞர் எல் மொரிஸ்கோ அதை ஆராய்கிறார். தடயம் கடைசியில் எரிமலைக்குள் பதுங்கி வாழும் ஆஸ்டெக் வாரிசுகளிடம் போய் முடிகிறது. கௌபாய் கதையில் மாந்திரீகமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: டெக்ஸ் கதைகளில் இது புதிதல்ல. சூனியக்கார எதிரி மெஃபிஸ்டோவோடு அவர் பல்லாண்டு மல்லுக்கட்டியவர்.

ஆக, தயாரிப்பாளர்கள் அசல் கதையை விட்டு விலகினார்கள் என்ற வழக்கமான குற்றச்சாட்டு இங்கே எடுபடாது. வேடிக்கை அதுதான். காமிக்ஸ் வாசகர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்த படம் இது. சட்டையும் தொப்பியும் கதையும் மூலத்தைப் பார்த்துச் செய்தவை. மூலவரே வேறு திரையில் வந்து அமர்கிறார்: கதை சொல்லும் செவ்விந்திய முதியவராக நடித்திருப்பது எழுபதைத் தாண்டிய ஜான் லூயிஜி பொனெல்லி. இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது பேச்சு. டெக்ஸ் வாசகர்களில் அதிகம் பேர் சொல்லும் குறை அதுதான், நியாயமானதும்கூட. ஒரு டெக்ஸ் கதையின் பாதிச் சுவை, அவரும் கார்சனும் குதிரைமேல் போகும்போது ஒருவரையொருவர் வாரிக்கொள்வதில் இருக்கிறது. கார்சன் எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பார்; இந்தப் பயணம் உருப்படாது என்பார்; அடுத்த ஊரில் வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் கிடைக்குமா என்று கவலைப்படுவார். டெக்ஸ் அவர் வயதைக் கிண்டலடிப்பார். கதை எங்கும் நகராத அந்தப் பக்கங்களில்தான் வாசகன் அவர்களோடு சேர்ந்து பயணம் செய்கிறான். படத்தில் வில்லியம் பெர்கர் கார்சனாக வருகிறார். தாடியும் நரையும் கச்சிதம். ஆனால் அவருக்கு எழுதப்பட்ட வசனம், வெற்றிலையில்லாத வெறும் பாக்கு. அடுத்த சம்பவத்துக்கு ஓடும் அவசரத்தில் திரைக்கதை நட்பை மறந்துவிட்டது.

ஜெம்மாவைப் பற்றிய சண்டை இன்னும் சூடானது. அவர் முகத்தில் கடுமையில்லை, டெக்ஸ் நுழைந்தால் சாராயக்கடையே மௌனமாக வேண்டும், இவர் நுழைந்தால் நலம் விசாரிக்கத் தோன்றுகிறது என்பது ஒரு தரப்பு. நாற்பத்தேழு வயதிலும் அந்த உடல் அசையும் விதத்தைப் பாருங்கள், அன்றைய இத்தாலியில் வேறு யார் இருந்தார்கள் என்பது மறுதரப்பு. சண்டைக் காட்சிக் கலைஞராக இருந்து நடிகரானவர் ஜெம்மா. குதிரையில் ஏறுவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் இரண்டாம் கட்சி. தப்பு முகத்தில் இல்லை, அந்த முகத்துக்கு வேலை தராததில் இருக்கிறது.

காமிக்ஸை ஒரு பக்கம்கூடப் புரட்டாத ‘ஸ்பகெட்டி வெஸ்டர்ன்’ ரசிகர்கள், அதாவது இத்தாலிய கௌபாய் படங்களின் ரசிகர்கள், வேறு கணக்கோடு வருகிறார்கள். அவர்கள் தேடுவது 1965-ன் ‘எ பிஸ்டல் ஃபார் ரிங்கோ’வை. பண்ணை வீட்டில் கொள்ளைக்கூட்டம் ஒரு குடும்பத்தைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்க, மீட்கப் போகும் ரிங்கோ முதலில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவான். சாராயம் தொடமாட்டான், பால் குடிப்பான். சிரித்துக்கொண்டே சுடுவான். எண்ணியோ மொரிக்கோனேவின் இசை பின்னால் ஓடும். அந்தக் குறும்பை எடுத்தவரும் நடித்தவரும் இருபது ஆண்டு கழித்துச் சேர்ந்து, சிரிப்பையே மறந்தாற்போல ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

இந்த இரண்டு கூட்டமும் வெவ்வேறு வாசலில் நின்று ஒரே வீட்டைத்தான் தட்டுகிறது என்பது என் கட்சி. டெக்ஸ் ஸ்பகெட்டி வெஸ்டர்ன் பிள்ளையே அல்ல. செர்ஜியோ லியோனேயின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ 1964-ல் வந்தபோது டெக்ஸுக்கு வயது பதினாறு ஆகியிருந்தது. அவரைப் பெற்றெடுத்தது பழைய ஹாலிவுட் படங்கள்; அங்கே நல்லவன் நல்லவன்தான். லியோனேவுக்குப் பின் வந்த நாயகனோ தலைக்கு விலை வைத்தவனைச் சுட்டுக் கூலி வாங்குபவன், நியாயத்தைக் கேட்டால் தோளைக் குலுக்குபவன். அந்தப் படங்களில் செவ்விந்தியர்கள் அபூர்வம். டெக்ஸின் உலகமோ அவர்கள் இல்லாமல் இல்லை. ஆக, ஸ்பகெட்டி நாட்டின் நடிகரையும் இயக்குநரையும் கொண்டுவந்து, அந்நாட்டுச் சட்டம் செல்லாத ஒரு மனிதனைப் படமெடுத்திருக்கிறார்கள். காலமும் கைகொடுக்கவில்லை. 1985-ல் ஸ்பகெட்டி வெஸ்டர்ன் ஏறக்குறைய முடிந்துபோன கதை. ‘இந்தியானா ஜோன்ஸ்’ படங்கள் இரண்டு வந்து உலகைக் கலக்கியிருந்தன. குகை, பலிபீடம், மர்மக் கல் என்று இந்தப் படம் போகும்போது, ஸ்பீல்பெர்க்கின் பணம் இல்லாத ஸ்பீல்பெர்க் படம் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இதற்கெல்லாம் அப்பால் சின்னதாக மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. படம் கோணல்மாணலாக இருப்பதாலேயே அதைக் கொண்டாடுபவர்கள். சுருங்கிப்போகும் உடல்கள், அட்டைக் குகைகள், ஜான்னி ஃபெர்ரியோவின் இசை, எகிப்தியரும் ஆஸ்டெக்கும் ஒரே கௌபாய் கதையில் வந்து நிற்கும் துணிச்சல். மழைநாள் மதியத்துக்கு இது போதும் என்கிறார்கள். அவர்களோடு சண்டைபோட எனக்கு மனமில்லை.

டெக்ஸ் போடும் மஞ்சள் சட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டெக்ஸின் மாதாந்திர இதழ் உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். மஞ்சள் அட்டையில் மட்டும். இருட்டையும் நிழலையும் மையால் தீட்டியே ஓவியர்கள் அந்த உலகத்தை எழுப்பினார்கள். அந்த இருட்டில் பழகிய கண்ணுக்கு, படத்தின் பளீரென்ற வெளிச்சம் எல்லாவற்றையும் நாடகக் கம்பெனி உடுப்பாகக் காட்டுகிறது. இதை யாரும் பெரிய குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு முதல் பத்து நிமிடத்தில் உறுத்தியது இதுதான்.

மற்ற காமிக்ஸ் கௌபாய்களின் திரை ஜாதகமும் சுமார்தான். டெரன்ஸ் ஹில் 1991-ல் லக்கி லூக்காகத் தானே நடித்து இயக்கினார். லக்கி லூக் என்பதைவிட அது டெரன்ஸ் ஹில் படம். நம்மூரில் கேப்டன் டைகர் என்று பெயர்பெற்ற ப்ளூபெர்ரியை 2004-ல் ஜான் கூனென் எடுத்தார். வின்சென்ட் கஸெல் நாயகன். துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்துப் போனவர்கள், மூலிகை மயக்கத்தில் நாயகன் காணும் காட்சிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இந்த வரிசையில் வைத்தால், தெஸ்ஸாரி மூலக்கதைக்காவது மரியாதை செய்தார் என்று டெக்ஸ் ரசிகர்களே இறங்கி வருகிறார்கள்.

ஜெம்மா 2013-ல் சாலை விபத்தில் இறந்தார். தெஸ்ஸாரி அதற்கு முன்பே, 1994-ல் போய்விட்டார். டெக்ஸ் மட்டும் மிலான் நகரிலிருந்து இன்றும் மாதாமாதம் வருகிறார். படத்தைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் ரிங்கோவைப் பார்த்துவிடுங்கள். அந்த இருவரால் என்ன முடியும் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், எந்தக் கூட்டத்தில் சேர்ந்து சண்டை போடுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.