நீலப் பட்டும் பழங் கம்பளிச் சட்டையும்

1955ஆம் ஆண்டு மார்ச் 30ஆந் திகதி இரவு, ஹொலிவூட்டிலுள்ள பன்டேஜஸ் அரங்கில் ஒஸ்கார் பரிசளிப்பு விழா நடைபெற்றது. சிறந்த நடிகைக்கான பரிசு ஜூடி கார்லண்டுக்கே கிடைக்குமெனப் பலரும் நம்பியிருந்தனர். வில்லியம் ஹோல்டன் வாசித்த பெயரோ கிறேஸ் கெல்லி என்பது. அன்று இருபத்தைந்து வயதினரான அந்நடிகை அணிந்து வந்த ஆடை இன்றளவும் பேசப்படுகின்றது.

பனிக்கட்டியின் உள்ளே தோன்றும் மென்னீலமே அதன் நிறம். துணி, பிரெஞ்சு நாட்டுச் சற்றின் பட்டு. தோள்களில் நூல்போன்ற இரு பட்டிகள். இடையை ஒட்டி இறங்கி நிலந் தோயும் பாவாடை. அதே துணியில் ஒரு மேலங்கி. கைகளில் நீண்ட வெண்ணிறக் கையுறைகள். சற்றின் நெசவில் இழைகள் மேற்புறத்தே நீளமாகக் கிடப்பதால், ஒளி அதன்மீது வழுக்கிச் செல்லும். கண்ணுக்கு விருந்துதான், தைப்பவருக்கோ சோதனை. ஒரு தையல் சற்றே இழுத்தாலும் அவ்வொளியே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இத்தனைக்கும் அது விழாவுக்கெனத் தைத்த புத்தாடையன்று. 1954 டிசம்பரில், பரிசுக்குரிய படமான 'கன்றி கேர்ள்' முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது கெல்லி உடுத்த ஆடையே அது. விழாவின் பின் 'லைஃப்' சஞ்சிகையின் அட்டைப் படத்திலும் அதனோடே தோன்றினார். ஒருமுறை உடுத்ததை மறுமுறை உடுத்துவது குறைவென்று அவர் எண்ணவில்லை போலும்.

ஆனால், பரிசை ஈட்டிக் கொடுத்த உடை வேறு. அப்படத்தில் கெல்லி, குடியினாற் சீரழிந்த பாடகனொருவனின் மனைவியாக நடித்தார். பாடகனாக வந்தவர் பிங் குரொஸ்பி. மூக்குக் கண்ணாடி, நிறம் மங்கிய பாவாடை, தொய்ந்துபோன கம்பளிச் சட்டை: வறுமையையும் சலிப்பையும் வாய்திறவாமலே உணர்த்தும் உடைகள். அவற்றையும் அந்த நீலப் பட்டையும் வகுத்தவர் ஒருவரே. அவர் பெயர் எடித் ஹெட். பள்ளிக்கூடத்திற் பிரெஞ்சு மொழி கற்பித்துப் பின்னர் பரமவுண்ட் நிறுவனத்திற் சேர்ந்தவர். பேரழகியொருத்தியை மேலும் அழகுபடுத்துவது பெரிய காரியமன்று. அவ்வழகைக் கண்பார்வையினின்றும் ஒளித்து வைப்பதே கடினம்.

எடித் ஹெட் தம் வாழ்நாளில் எட்டு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றார். அவற்றுள் ஒன்று அதே இரவிற் கிடைத்தது. 'சப்ரீனா' படத்தின் உடைகளுக்காக. அதில் ஒட்றி ஹெப்பேர்ண் அணிந்த சில ஆடைகள் பாரிஸ் நகரத்து ஜிவான்சியின் ஆக்கங்கள். எனினும் பரிசில் அவருக்குப் பங்கிருக்கவில்லை.

1956 ஏப்ரலிற் கெல்லி மொனாக்கோ நாட்டின் இளவரசரை மணந்தார். அவர் ஒப்பந்தத்தாற் கட்டுண்டிருந்தது மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்துக்கு. ஆகவே மணவாடை அந்நிறுவனத்தின் அன்பளிப்பாயிற்று. அதனை வகுத்தவர் அங்கு பணியாற்றிய ஹெலன் ரோஸ். நீலப் பட்டை வகுத்த கைக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.