மனைவி கொடுத்த கைக்கடிகாரம்: விலை 115 கோடி ரூபாய்!

ஒரு கைக்கடிகாரத்தின் விலை 115 கோடி ரூபாய்!

நம்ப முடிகிறதா? நடந்தது உண்மை. 2017-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஒரு பழைய கைக்கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலருக்கு அது விலை போயிற்று. அன்றைய கணக்கில் நம் பணம் ஏறத்தாழ 115 கோடி.

அது வைரம் பதித்த கடிகாரம் அல்ல. தங்கக் கடிகாரம்கூட அல்ல. வெறும் எவர்சில்வர்! தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும்.

அதைக் கட்டியிருந்தவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். வாங்கிக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஜோயன் உட்வர்ட். இவரும் ஆஸ்கார் பரிசு பெற்ற நடிகை. இருவருக்கும் 1958-ல் திருமணம் நடந்தது. 2008-ல் நியூமன் இறக்கும் வரை, 50 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தார்கள். சினிமா உலகில் இது அதிசயம்தான்.

"கவனமாக ஓட்டுங்கள்!"

1969-ல் வெளிவந்த ஒரு படத்தில் நியூமனுக்குக் கார் பந்தய வீரர் வேடம். அதற்காகப் பந்தயக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். படம் முடிந்தது. ஆனால் பந்தய ஆசை முடியவில்லை. அது அவரைப் பிடித்துக்கொண்டது.

கணவர் அசுர வேகத்தில் கார் ஓட்டப் போகிறார் என்றால் எந்த மனைவிக்குத்தான் வயிற்றைக் கலக்காது? "போக வேண்டாம்" என்று சொல்லித் தடுத்திருக்கலாம். உட்வர்ட் அப்படிச் செய்யவில்லை. கடைக்குப் போனார். ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். ரோலக்ஸ் கம்பெனியின் "டேடோனா" என்ற கடிகாரம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ள கார் பந்தய ஊரின் பெயர் அது.

அந்தக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பது மட்டுமல்ல; வேகமும் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு முள் ஓடத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். விளிம்பைச் சுற்றி எண்கள் இருக்கும். ஒரு கிலோ மீட்டர் தூரத்தைக் கடக்க 30 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முள் 120 என்ற எண்ணுக்கு நேராக நிற்கும். அதாவது, மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகம். பந்தயக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு ஏது?

இன்னொரு வேலையும் செய்தார் அந்த அம்மாள். கடிகாரத்தின் பின்புறத்தில் சில சொற்களைப் பொறிக்கச் சொன்னார்.

"கவனமாக ஓட்டுங்கள். நான்."

அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. "நான்" என்றால் யார் என்று கணவருக்குத் தெரியாதா? நம் ஊராக இருந்தால் வாசலில் நின்று "பார்த்துப் போங்க" என்று சொல்லியிருப்பார்கள். அதையே அவர் எவர்சில்வரில் எழுதிக் கொடுத்தார்.

அந்த நாளில் அதன் விலை சில நூறு டாலர்தான். அந்த மாதிரி முகப்புள்ள கடிகாரங்களை அப்போது யாரும் விரும்பி வாங்கவில்லை. கடையில் தேங்கிக் கிடந்தன.

1984-ல் ஒரு நாள். நியூமன் மகளின் நண்பரான ஓர் இளைஞர், அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மரத்தின் மேல் இருந்த குடிலைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார். நியூமன் அவரிடம் மணி என்ன என்று கேட்டார். "என்னிடம் கடிகாரம் இல்லையே" என்றார் இளைஞர். நியூமன் தம் கையிலிருந்ததைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார். தினமும் சாவி கொடுத்தால் நன்றாக ஓடும் என்றும் சொன்னார். அந்தக் கடிகாரம்தான் 2017-ல் ஏலத்துக்கு வந்தது. கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அறப்பணிக்குப் போயிற்று.

மனைவி ஆசையாகக் கொடுத்ததை இப்படியா தூக்கிக் கொடுப்பது என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். கோபம் வேண்டாம். அதற்கு முந்திய வருடமே உட்வர்ட் அவருக்கு இன்னொரு கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டார். அதில் "மெதுவாக ஓட்டுங்கள். ஜோயன்" என்று எழுதியிருந்தது. அதுவும் 2020-ல் ஏலம் போயிற்று. பிற்காலத்தில் கொடுத்த மற்றொன்றில், "மிக மெதுவாக" என்ற பொருள்பட எழுதினார்! வயது ஏற ஏற அம்மாள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கணவர் குறைத்தாரா? 54-வது வயதில் பிரான்சு நாட்டில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய குழு இரண்டாவதாக வந்தது. 70-வது வயதில், 1995-ல், அதே டேடோனாவில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் வென்ற குழுவிலும் அவர் இருந்தார்.

அந்த மாதிரிக் கடிகாரங்கள் வேறு பலரிடமும் இருந்தன. அவை பெரும்பாலும் சில லட்சம் டாலருக்குத்தான் போயின. இது மட்டும் கோடிக்குப் போனதற்குக் காரணம், கட்டியிருந்த கையும் பின்னால் இருந்த அந்தச் சொற்களும்தான்.

பெண்களின் நகை

கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன் கடிகாரம் வாங்கிக் கொடுப்பது நம் நாட்டுக்கும் புதிது அல்ல. மாப்பிள்ளைக்கு மோதிரமும் கைக்கடிகாரமும் போடுவது நம் கல்யாண வீடுகளில் வழக்கம்தான். ஆனால் அது மாமனார் போடுவது. தம்பதி தமக்குள் கொடுத்துக்கொள்வது வேறு.

கைக்கடிகாரம் ஆண்களின் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெண்களின் நகையாகப் பிறந்தது. பிரான்சுச் சக்கரவர்த்தி நெப்போலியனின் தங்கை கரோலின், நேப்பிள்ஸ் நாட்டு ராணியாக இருந்தார். பாரிஸ் நகரக் கடிகாரக் கலைஞர் பிரெகே என்பவரிடம், கையில் கட்டும்படி ஒரு கடிகாரம் செய்து தரச் சொன்னார். அது 1810-ல். செய்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அதன் பிறகு 100 வருட காலம் ஆண்கள் சட்டைப் பையில் சங்கிலிக் கடிகாரம்தான் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவதைக் கேலி செய்தார்கள். 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. பதுங்கு குழியில் துப்பாக்கியும் கையுமாக நிற்பவன், பைக்குள் கை விட்டு நேரம் பார்க்க முடியுமா? கடிகாரம் கைக்கு வந்தது. போர் முடிந்தும் கையை விட்டுப் போகவில்லை.

விலையைக் கேட்காதீர்கள்!

இப்போது, விலை உயர்ந்த கடிகாரம் ஒன்றைத் துணைவருக்கு வாங்க நினைக்கிறீர்கள். கடைக்குப் போனதும் என்ன கேட்பீர்கள்? "இது என்ன விலை?" அது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. முதலில், கட்டப் போகிறவரின் ஒரு நாள் பொழுது எப்படிப் போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். உட்வர்ட் அதைத்தான் செய்தார்.

உங்கள் மனைவி கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டுமே கடிகாரம் கட்டுபவரா? அப்படியானால் "ஆட்டோமேட்டிக்" கடிகாரம் வேண்டாம். கை அசைவதால் தானே சாவி ஏறுவது அது. கழற்றி பீரோவில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புடவை கட்டிக்கொண்டு நேரத்தையும் தேதியையும் திருப்பி வைத்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இராது. பேட்டரியில் ஓடும் "குவார்ட்ஸ்" கடிகாரம்தான் அவருக்கு ஏற்றது.

குவார்ட்ஸ் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். 1969-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ஜப்பானில் செய்க்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அதன் விலை 4 லட்சத்து 50 ஆயிரம் யென். அந்தப் பணத்துக்கு அங்கே ஒரு சிறிய கார் வாங்கலாம்! நேரம் காட்டுவதில் குவார்ட்ஸ்தான் கெட்டி. மாதத்துக்குச் சில விநாடிகளே பிசகும். ஸ்பிரிங்கில் ஓடும் சுவிட்சர்லாந்துக் கடிகாரம், அந்நாட்டுச் சோதனையில் தேறியதாகவே இருந்தாலும், நாளுக்கு 4 விநாடி பின்னாலும் 6 விநாடி முன்னாலும் போக இடம் உண்டு.

பிறகு ஏன் லட்சக்கணக்கில் கொடுத்து அதை வாங்குகிறார்கள்? அதன் உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு உறுப்புகள் இருக்கின்றன. அநேகக் கடிகாரங்களில் ஒரு சக்கரம் விநாடிக்கு 8 தடவை துடிக்கிறது. காதில் வைத்தால் கேட்கும். அந்தத் துடிப்புக்கு மயங்குபவர்களுக்காகவே அது விற்கிறது. உங்கள் கணவர் ரேடியோவையும் மோட்டாரையும் பிரித்துப் பார்த்து மகிழ்பவராக இருந்தால், அவருக்கு அதுதான் பரிசு. ஆனால் சில வருடங்களுக்கு ஒரு முறை அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். அந்தக் கூலியே ஒரு நல்ல சாதாரணக் கடிகாரத்தின் விலை வரும். கடைக்காரரிடம் இதை இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கத்தில் வாங்கலாமா? இங்கே நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். "தங்கம்தானே, சேமிப்பு ஆயிற்று" என்று நினைக்கிறார்கள். நாம் நகை செய்வது 22 காரட்டில். கடிகாரத் தங்கம் பெரும்பாலும் 18 காரட். நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி தங்கத்துக்கு அல்ல. வேலைக்கும் பெயருக்கும் போகிறது. சில அபூர்வக் கடிகாரங்களைத் தவிர மற்றவற்றைத் திருப்பி விற்றால் போட்ட பணம் வராது. அவசரத்துக்கு அடகு வைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வளையல் வாங்குங்கள்.

தவணையில் வாங்கிப் பரிசளிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கணவர் கொடுத்த கடிகாரத்துக்கு மாதா மாதம் மனைவியும் சேர்ந்து செலவைச் சுருக்க வேண்டியிருந்தால், அது என்ன பரிசு? விலை உயர்ந்தது என்றால் சுவிட்சர்லாந்திலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டான் கம்பெனி, நம் ஓசூரில் கடிகாரம் செய்கிறது. 2002-ல் அவர்கள் கொண்டு வந்த "எட்ஜ்" கடிகாரத்தின் மொத்தக் கனமே மூன்றரை மில்லி மீட்டர்தான்.

நூலால் அளக்கலாம்

இரகசியமாக வாங்குவது என்றால் அளவுக்கு என்ன செய்வது? வளையல் அளவு உதவாது. வளையல் உள்ளங்கையைத் தாண்டி ஏற வேண்டும். ஆகவே அது மணிக்கட்டைவிடப் பெரிது. அவர் தூங்கும்போது மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அதை அடிக்கோலில் வைத்துப் பாருங்கள். 15 சென்டி மீட்டர் இருந்தால், முகப்பு 28 முதல் 34 மில்லி மீட்டர் அகலம் போதும். 17, 18 சென்டி மீட்டர் கைக்கு 36 முதல் 40 வரை அழகாக இருக்கும். வார் கோக்கும் கொம்புகள் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு வாங்கினால் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு மணி பார்க்கும் கடிகாரம் வேண்டாம்.

நம் வெயிலுக்குத் தோல் வார் ஆகாது. வியர்வையில் ஊறி நாறும், சீக்கிரம் நைந்துவிடும். எவர்சில்வர் செயினோ ரப்பர் வாரோ மேல். மின்சார வேலை, இயந்திர வேலை செய்பவர்கள் வேலை நேரத்தில் எதையுமே கட்டக் கூடாது.

"30 மீட்டர் தண்ணீர் புகாது" என்று எழுதியிருப்பார்கள். அதை நம்பிக் குளத்தில் குதித்துவிடாதீர்கள். மழைத் தூறலும் கை கழுவும் தண்ணீரும் தாங்கும் என்பதே அதன் பொருள். நீந்துபவருக்கு 100 மீட்டராவது இருக்க வேண்டும். வெந்நீர்க் குளியலும் சமையல் ஆவியும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும்.

இன்னொரு எதிரி காந்தம். கைப்பையின் காந்தப் பூட்டும் ஒலிபெருக்கியும் பக்கத்தில் இருந்தால், ஸ்பிரிங் கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடத் தொடங்கும். பயப்பட வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் காந்தத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

போலிகள் மலிந்துவிட்டன. பெட்டி, கார்டு, முத்திரை எல்லாவற்றையுமே போலியாகச் செய்கிறார்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள். கடிகாரத்தில் உள்ள எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒத்துப் பாருங்கள். செயினைச் சுருக்கும்போது கழற்றும் கண்ணிகளைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். கை பருத்தால் தேவைப்படும்.

பின்புறத்தில் பெயரோ வார்த்தையோ பொறிக்க ஆசை இருந்தால், வாங்கிய அன்றே பொறித்துவிடாதீர்கள். எழுத்து விழுந்த கடிகாரத்தைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரு வாரம் கட்டிப் பார்க்கட்டும். பிடித்திருக்கிறது, கைக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு கொண்டு போங்கள். தமிழிலேயே பொறித்துத் தருகிறார்கள். சில கடிகாரங்களுக்குப் பின்புறமும் கண்ணாடி. அதில் எழுத இடம் இராது. செயினின் பூட்டை மடக்கிப் பாருங்கள். உள்பக்கம் இரண்டு சொல் தாராளமாகக் கொள்ளும்.