சம்பு வேரும் சாக்கடை நீரும்

ஏரிக்கரையில் நிற்கும் ஒரு சம்பை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். சுற்றியுள்ள சேறு கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை வாடையோடு வரும். வேரை ஒட்டிய மண்ணில் மட்டும் துருப்பிடித்தாற்போல் ஒரு செம்பழுப்புப் படலம். இலையைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகள். அவற்றின் வழியே இறங்கும் காற்று வேரிலிருந்து கொஞ்சம் கசிகிறது. சேற்றிலுள்ள இரும்பு அது பட்டுத்தான் துருவாகிறது. கழிவுநீரின் நைட்ரஜனை நீக்கும் வேலையும் இந்தத் துரு ஓரத்தில்தான் தொடங்குகிறது.

நாம் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜனை வெளியேற்றுகிறோம். பெரும்பகுதி சிறுநீரில், யூரியாவாக. வயலுக்கு மூட்டையில் வாங்கும் அதே யூரியா. சாக்கடையில் அது அம்மோனியாவாகிறது. ஏரியில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் இறங்கினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது நம் நாட்டு அளவுகோல். காய்ச்சினாலும் அது போகாது.

செடியே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உறிஞ்சுவது சிறு பங்குதான். காற்றுள்ள வேரோரத்தில் ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். காற்றில்லாத இடத்தில் இன்னொரு வகை, நைட்ரேட்டிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அந்த வாயுதான். வேர் கசியும் காற்று மட்டும் போதாது என்பதால், கழிவுநீரைச் சுத்திகரிக்க இந்தச் செடிகளை நட்டு, மேலிருந்து விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஜல்லிப் படுகை ஒன்றும், நீர் பக்கவாட்டில் மெல்ல ஊர்ந்து செல்லும் படுகை ஒன்றும் அடுத்தடுத்து அமைப்பார்கள். கசடு முதலிலேயே தொட்டியில் படிந்துவிட வேண்டும். இல்லையேல் ஜல்லி அடைத்துக்கொள்ளும்.

ஜெர்மனியில் கேத்தே ஸைடல் 1950களில் கோரை இனச் செடிகளை வைத்துத் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. நமக்கு அருகிலேயே, புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் செடி நட்ட ஜல்லிப் படுகைகள் கழிவுநீரைச் சுத்திகரிக்கின்றன.

இந்த முறை நம் கல்வராயன் மலைக்கும் பொருந்தும். அங்கே பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சி வழியாக ஓடுகிறது. மேலே விடும் கழிவு கீழே வந்தே தீரும். மலைச்சரிவில் மோட்டார் இல்லாமலே நீர் படுகைக்குப் படுகை இறங்கும். சம்பும் கோரையும் கல்வாழையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. ஒருவருக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் இடம் தேவை. 300 பிள்ளைகள் தங்கும் உண்டு உறைவிடப் பள்ளிக்கு 7 முதல் 15 சென்ட் போதும். வெளிவரும் நீர் குடிக்க ஆகாது, மரங்களுக்குப் பாய்ச்சலாம். வளர்ந்த செடியை அவ்வப்போது அறுக்க ஓர் ஆள் வேண்டும். அறுக்காமல் விட்டால் உறிஞ்சிய நைட்ரஜன் மட்கித் திரும்பவும் தண்ணீருக்கே போய்விடும்.

மலையிலுள்ள பள்ளி விடுதிகளில் ஒன்றிலாவது இதை அமைத்துக் காட்ட கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.